புதிய டொமைன் பின்னொட்டில் பெயர் வாங்க: திறக்கும் நாளுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

சில காலத்துக்கு முன் ஒரு புதிய டொமைன் பின்னொட்டு (இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) திறந்தபோது, என் மென்பொருளின் பெயரை அதில் எப்படியும் பிடித்துவிடலாம் என்று நம்பினேன். பதிவுசெய்த வணிக முத்திரை கையில் இருந்தது, பணம் இருந்தது, திறக்கும் நாளும் தெரியும். ஆனாலும் கோட்டைவிட்டேன். முத்திரை உரிமையாளர்களுக்கான முன்பதிவுக் காலம் முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்கு வேண்டிய கோப்பு வந்து சேர்ந்தது. அதன்பின் விலை நாளுக்கு நாள் இறங்கும் கட்டத்தில் நகத்தைக் கடித்தபடி ஐந்து நாள் காத்திருந்து, கொடுத்திருக்கவே வேண்டியிராத ஒரு தொகையைக் கொடுத்துப் பெயரை வாங்கினேன். அந்தத் தவறுகளை நான் செய்து முடித்தாயிற்று. நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். புதிய பின்னொட்டு ஒன்றையே சொந்தமாக நடத்த, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பிடம் விண்ணப்பிப்பது வேறு வேலை. 2026 சுற்றில் அதற்கான விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,27,000 டாலர். இங்கே பேசுவது, வேறொருவர் நடத்தும் பின்னொட்டில் உங்களுக்கு ஒரு பெயர் வாங்குவதைப் பற்றி. பின்னொட்டை நடத்துபவர் பதிவகம். உங்களுக்கு விற்பவர் பதிவாளர். இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் விதிகளைப் படிக்கும்போது பாதித் தலைவலி குறையும்.

1. எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

பின்னொட்டு எல்லோருக்கும் ஒரே நாளில் திறப்பதில்லை. முதலில் வருவது சன்ரைஸ். வணிக முத்திரை உள்ளவர்களுக்கு மட்டுமான காலம் இது. பொதுமக்களுக்குத் திறக்கப்போகும் பின்னொட்டுகளுக்கு ஐகான் விதிப்படி கட்டாயம். அடுத்து என்ன என்பது பதிவகத்தின் விருப்பம். சிலர் லேண்ட்ரஷ் நடத்துவார்கள்: யார் வேண்டுமானாலும் கூடுதல் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம், ஒரே பெயரை இருவர் கேட்டால் ஏலம். இப்போது அதிகம் காண்பது இஏபி எனப்படும் முன்அணுகல் காலம்: முதல் நாள் மிக உயர்ந்த விலையில் தொடங்கி நாள்தோறும் இறங்கும். இதெல்லாம் முடிந்த பிறகே பொதுப் பதிவு.

கூகுள் நடத்தும் டாட் ஆப் பின்னொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 29 அன்று சன்ரைஸ் தொடங்கி ஏப்ரல் 30 வரை நடந்தது. மே 1 முதல் ஒரு வாரம் இஏபி. மே 8 அன்று பொதுப் பதிவு. ஆக, முதல் கதவு திறந்ததிலிருந்து கடைசிக் கதவு திறக்கும்வரை நாற்பதே நாள். முத்திரைக்கான காகித வேலையை இந்த நாற்பது நாளுக்குள் தொடங்கி முடித்துவிடலாம் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு.

வணிக முத்திரை இல்லாதவர்கள் நேராக 5ஆம் பகுதிக்குப் போகலாம். ஒரு டொமைன் பெயருக்காக அவசர அவசரமாக முத்திரைக்கு விண்ணப்பிக்காதீர்கள். நிலுவையில் உள்ள விண்ணப்பம் சன்ரைஸில் செல்லாது.

2. முத்திரைச் சான்றிதழை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்

சன்ரைஸில் உங்கள் பிராண்டை எப்படி அழைக்கிறீர்கள் என்பதற்கு மதிப்பில்லை. சான்றிதழில் அச்சாகியிருக்கும் எழுத்துக்குத்தான் மதிப்பு. முத்திரையும் டொமைன் பெயரும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். முத்திரையில் இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அதை நீக்கிச் சேர்த்து எழுதலாம் அல்லது நடுவில் ஹைபன் போடலாம். அதற்கு மேல் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். பன்மையாக்குவது, பின்னால் ‘ஆன்லைன்’ என்று ஒட்டுவது, சுருக்குவது எதுவும் நடக்காது. ஆங்கில எழுத்தில் பதிவான முத்திரையைக் காட்டித் தமிழ் எழுத்து டொமைனைக் கேட்கவும் முடியாது. ஒலி ஒன்றாக இருந்தாலும் எழுத்து வேறு.

வெறும் சின்னமாகப் பதிவுசெய்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். சின்னத்துக்குள் எழுத்து இருந்தால், அது தெளிவாகவும் முதன்மையாகவும் தனித்துப் பிரித்துப் படிக்கக்கூடியதாகவும் இருந்தால் மட்டுமே ஏற்பார்கள். முத்திரையிலேயே புள்ளி இருந்தால், அதாவது முழு இணைய முகவரியையே முத்திரையாகப் பதிவுசெய்திருந்தால், ஏற்பதில்லை.

இன்னொன்று, உரிமையாளர் பெயர். முத்திரையை உங்கள் பெயரில் வாங்கி, பிறகு நிறுவனம் தொடங்கி, டொமைனை நிறுவனத்தின் பெயரில் கேட்கிறீர்களா? முத்திரை மாற்றித் தரப்பட்டதற்கோ, பயன்படுத்த உரிமம் தரப்பட்டதற்கோ கையொப்பமிட்ட உறுதிமொழி வேண்டும். நிறுவனத்தின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கேள்வி வரும். எனவே சான்றிதழையும் நிறுவனப் பதிவுப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

3. கிளியரிங்ஹவுஸில் முத்திரையைப் பதியுங்கள். இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்

சன்ரைஸில் உங்கள் சான்றிதழை எந்தப் பதிவாளரும் நேரடியாகப் பார்ப்பதில்லை. உலகம் முழுவதற்கும் பொதுவாக டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ் என்ற தரவுத்தளம் 2013 முதல் இயங்குகிறது. அங்கே முத்திரையைச் சமர்ப்பித்துச் சரிபார்த்த பிறகு எஸ்எம்டி என்ற சிறு கோப்பு ஒன்றைத் தருவார்கள். அந்தக் கோப்புதான் உங்கள் நுழைவுச்சீட்டு.

நேரடியாகப் பதிந்தால் அடிப்படைக் கட்டணம் ஒரு முத்திரைக்கு ஓர் ஆண்டுக்கு 150 டாலர், மூன்று ஆண்டுக்கு 435, ஐந்து ஆண்டுக்கு 725. முகவர் வழியாகப் போனால் அவருடைய கூலி தனி. ஒரே முத்திரை, ஒரே உரிமையாளர், காகிதங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்றால் முகவர் தேவையில்லை என்பது என் கருத்து. முத்திரை கைமாறியிருந்தாலோ பல நாடுகளில் இருந்தாலோ கொடுக்கிற கூலி வீண்போகாது.

கேட்பவை: முத்திரையின் பதிவு எண், நாடு, உரிமையாளர் விவரம், சரக்கு அல்லது சேவை வகை. இவற்றோடு ‘பயன்பாட்டுச் சான்று’. முத்திரை வெறும் காகிதத்தில் இல்லை, சந்தையில் புழங்குகிறது என்று காட்டும் உறுதிமொழியும் ஒரு மாதிரியும். இந்த மாதிரியில்தான் நான் வழுக்கி விழுந்தேன். கையில் அழகான விசிட்டிங் கார்டு இருந்தது. பெயர் பெரிய எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். திருப்பிவிட்டார்கள். வழிகாட்டியில் முன்பே எழுதியிருக்கிறது, படிக்காதது என் குற்றம்: விசிட்டிங் கார்டு, மின்னஞ்சல், ஏற்கெனவே வைத்திருக்கும் டொமைன் பெயர், தொழில் உரிமம் இவையெல்லாம் சான்றாக ஏற்கப்பட வாய்ப்பில்லை. விற்கும் பொருளின் மீதுள்ள லேபிள், விளம்பரம், சிறு கையேடு, பொருளை விற்கும் வலைப்பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் போன்றவை செல்லும்.

இரண்டாம் முறை மென்பொருள் கையேட்டின் அட்டையை அனுப்பினேன். அதுவும் திரும்பியது. முத்திரையில் இரண்டு சொற்கள்; அட்டையை வடிவமைத்தவர் அழகுக்காக இரண்டாம் சொல்லை விட்டுவிட்டிருந்தார். முத்திரை முழுமையாக, குறையாமல் தெரிய வேண்டும். மூன்றாவதாக விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியபின்தான் பச்சைக்கொடி. ஒவ்வொரு சுற்றுக்கும் பதில் வரக் காத்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு மாதத்துக்கு மேல். அதற்குள் சன்ரைஸ் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதனால் சொல்கிறேன்: உங்களுக்குப் பிடித்த பின்னொட்டு அறிவிக்கப்படும்வரை காத்திருக்காதீர்கள். ஒரே எஸ்எம்டி கோப்பை எத்தனை பின்னொட்டுகளின் சன்ரைஸிலும் பயன்படுத்தலாம். குறைந்தது இரண்டு மாதம் முன்பே கையில் வைத்திருங்கள்.

பயன்பாட்டுச் சான்று தராமலும் முத்திரையைப் பதியலாம். ஆனால் சன்ரைஸ் உரிமை கிடைக்காது. 8ஆம் பகுதியில் வரும் எச்சரிக்கைச் சேவை மட்டுமே கிடைக்கும். கட்டணத்தைக் கட்டிவிட்டு, நுழைவுச்சீட்டும் வாங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

4. கோப்பைத் திறந்து பாருங்கள், ஆனால் தொடாதீர்கள்

எஸ்எம்டி கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு. நோட்பேடில் திறந்தால் மேலே சில வரிகள் படிக்கும்படி இருக்கும்: முத்திரையின் பெயர், கோப்பின் அடையாள எண், இந்தக் கோப்பைக் கொண்டு பதியக்கூடிய டொமைன் பெயர்களின் பட்டியல், செல்லுபடியாகும் தொடக்க நாள், முடிவு நாள். அதற்குக் கீழே பக்கம் பக்கமாகப் பொருளற்ற எழுத்துகளின் சுவர். அதுதான் மின்கையொப்பமிட்ட பகுதி.

அந்தப் பெயர்ப் பட்டியல் வரியை நிறுத்திப் படியுங்கள். என் கோப்பில் ஹைபன் போட்ட வடிவம் மட்டும் இருந்தது. சேர்த்து எழுதும் வடிவத்தைத் தேர்வுசெய்ய மறந்திருந்தேன். சேர்த்து எழுதியதுதான் எனக்கு வேண்டியது! ஒரு முத்திரைக்கு அடிப்படைக் கட்டணத்திலேயே பத்து வடிவங்கள்வரை சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளக் காரணமே இல்லை.

கோப்பில் ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்தாலும் கையொப்பம் உடைந்து, பதிவு நிராகரிக்கப்படலாம். மூலப் பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், கண்டவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் முத்திரையின் பெயரில் சன்ரைஸ் கோரிக்கை வைக்க முடியும். வீட்டுச் சாவிக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்டுங்கள்.

5. தேதிகளைக் குறியுங்கள், மணியையும் சேர்த்து

எந்தப் பின்னொட்டுக்கு எப்போது சன்ரைஸ் என்ற பட்டியலை ஐகான் தன் தளத்திலேயே வெளியிடுகிறது. விற்பனையாளர்களின் விளம்பர மின்னஞ்சலை நம்பாமல் அதையும் பதிவகத்தின் சொந்த அறிவிப்பையும் பாருங்கள்.

சன்ரைஸில் இரண்டு வகை. முதல் வகையில் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுக் குறைந்தது 30 நாள் நடத்துவார்கள். பெரும்பாலும் முதலில் வருபவருக்கே பெயர். இரண்டாம் வகையில் முன்னறிவிப்பு கிடையாது, குறைந்தது 60 நாள் நடக்கும், காலம் முடிந்த பிறகே பெயர்களை ஒதுக்குவார்கள். ஒரே பெயருக்கு இரு முத்திரை உரிமையாளர்கள் வந்தால் இந்த வகையில் வழக்கமாக ஏலத்துக்குப் போகும். முதல் வகையென்றால் முதல் நிமிடத்தில் தயாராக இருங்கள். இரண்டாம் வகையில் பதற்றம் வேண்டாம். முதல் நாள் கொடுத்தவருக்கும் கடைசி நாள் கொடுத்தவருக்கும் ஒரே மதிப்பு.

நேரம் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் அறிவிக்கப்படும். ‘8ஆம் தேதி திறக்கிறது’ என்பது உங்கள் கடிகாரத்தில் 7ஆம் தேதி மாலையாகவோ 9ஆம் தேதி அதிகாலையாகவோ இருக்கலாம். டாட் ஆப் பொதுப் பதிவு யுடிசி 16:00 மணிக்குத் திறந்தது, நள்ளிரவில் அல்ல. நாட்காட்டியில் உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி, மணியோடு எழுதுங்கள்.

6. பதிவாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

நீங்கள் வழக்கமாக டொமைன் வாங்கும் பதிவாளர் எல்லாப் பின்னொட்டுகளையும் விற்பதில்லை. விற்றாலும் சன்ரைஸுக்கு உதவாமல் பொதுப் பதிவை மட்டும் செய்பவர்கள் நிறைய. பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: எஸ்எம்டி கோப்பை ஏற்றும் வசதி இருக்கிறதா? சன்ரைஸ் கட்டணம் எவ்வளவு, பெயர் கிடைக்காவிட்டால் திரும்புமா? முதல் ஆண்டுக் கட்டணம் அதில் அடக்கமா, தனியா? ஓர் ஆண்டுக்கு வாங்க முடியுமா, கூடுதல் ஆண்டுகளைக் கட்டாயப்படுத்துகிறார்களா?

‘முன்கூட்டியே பதிவுசெய்க’ என்று மின்னும் பொத்தானைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பெயரை உங்களுக்கு ஒதுக்கி வைப்பது அல்ல. கதவு திறக்கும் கணத்தில் உங்கள் சார்பில் ஓடிப்போய்க் கேட்கிறோம் என்ற வாக்குறுதி மட்டுமே. அதே பெயரை நூறு பேர் நூறு பதிவாளர்களிடம் இப்படிக் கேட்டிருக்கலாம். கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்றால் இரண்டு மூன்று பதிவாளர்களிடம் கேட்டு வைப்பதில் தவறில்லை. திரும்பாது என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

பெயரின் விலையையும் அப்போதே பாருங்கள். சிறிய, பொதுவான சொற்களைப் பதிவகங்கள் அதிக விலைக்குரிய பிரீமியம் பட்டியலில் வைத்திருக்கும். சிலவற்றை விற்பனைக்கே விடாமல் ஒதுக்கியிருக்கும். முத்திரை இருந்தாலும் இந்தப் பட்டியலை மீற முடியாது. பிரீமியம் பெயரில் கவனிக்க வேண்டியது வாங்கும் விலையை அல்ல, புதுப்பிக்கும் விலையை. சில பெயர்களுக்கு அந்த உயர்ந்த விலை ஆண்டுதோறும் தொடரும். பதிவின்போது நீங்கள் ‘சம்மதம்’ என்று சொடுக்கும் நிபந்தனையில் அது எழுதியிருக்கும், சிறிய எழுத்தில்.

7. இஏபியில் எத்தனையாவது நாள் வாங்குவது?

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். சன்ரைஸ் பந்தி, இஏபி படை. முதல் நாள் விலை பல ஆயிரம் டாலராக இருக்கும். கடைசி நாட்களில் நூறு, இருநூறு டாலருக்கு இறங்கும். ஒரு நாள் பொறுத்தால் விலை பாதியாகலாம். அதே ஒரு நாளில் பெயர் போயும் விடலாம். இந்தச் சூதாட்டத்துக்கு நிச்சயமான விடை இல்லை. என் அளவுகோல் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பெயர் அகராதிச் சொல்லா, நீங்களே உருவாக்கிய சொல்லா? உருவாக்கிய சொல் என்றால் உங்களைத் தவிர அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் அநேகமாக இருக்க மாட்டார். பொதுப் பதிவுவரை காத்திருக்கலாம். அகராதிச் சொல் என்றால், இந்தப் பெயர் கைவிட்டுப் போனால் அதிகபட்சம் எவ்வளவு நஷ்டம் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தொகைக்குக் கீழே விலை இறங்கும் முதல் நாளில் வாங்குங்கள். திறக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். விலை கண்முன் இறங்கிக்கொண்டிருக்கும்போது மனம் கணக்குப் போடாது. நான் எழுதவில்லை. என்னுடையது உருவாக்கிய சொல்தான். யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஐந்தாம் நாள் பயந்துபோய் வாங்கினேன். கிளியரிங்ஹவுஸுக்கு ஓர் ஆண்டுக்குக் கட்டியதைப்போல் மூன்று மடங்கு போயிற்று.

இஏபித் தொகை ஒருமுறைக் கட்டணம்தான். பிரீமியம் அல்லாத பெயரென்றால் அடுத்த ஆண்டு வழக்கமான கட்டணமே. ஆனால் எழுத்துப்பிழையோடு வாங்கிவிட்டால் இந்தத் தொகை திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். தட்டச்சு செய்யாமல், முன்பே சரிபார்த்து வைத்த பெயரை நகலெடுத்து ஒட்டுங்கள்.

8. பணம் கட்டும் நேரத்தில் ஒரு எச்சரிக்கை வந்தால்

பொதுப் பதிவு தொடங்கி குறைந்தது முதல் 90 நாளுக்கு, நீங்கள் கேட்கும் பெயர் கிளியரிங்ஹவுஸில் உள்ள முத்திரையோடு ஒத்துப்போனால் பதிவுக்கு முன் கிளெய்ம்ஸ் அறிவிப்பு ஒன்று காட்டப்படும். யாருடைய முத்திரை, எந்த நாட்டில், எந்தச் சரக்குக்கு என்ற விவரம் அதில் இருக்கும். முன்பு பிறர் தவறாகப் பதிந்து முத்திரை உரிமையாளர் வழக்கில் வென்ற பெயர்களையும், ஒரு முத்திரைக்கு 50 வரை, இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கலாம்.

பார்த்ததும் பலர் மிரண்டு பக்கத்தை மூடிவிடுகிறார்கள். சிலர் படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று தட்டுகிறார்கள். இரண்டும் வேண்டாம். அறிவிப்பு ஒரு தடை அல்ல. ஒரே சொல்லை மரச்சாமானுக்கு ஒருவரும் இசைப்பள்ளிக்கு இன்னொருவரும் நேர்மையாகப் பயன்படுத்தலாம். உங்கள் தொழில் வேறு, அந்த முத்திரையின் புகழில் குளிர்காயும் எண்ணமும் இல்லை என்றால் தொடரலாம். ஆனால் ஏற்றுக்கொண்டபின் தகராறு வந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வழியில்லை. யுடிஆர்பி என்ற டொமைன் தகராறு நடைமுறையில் உங்கள் பெயர் பறிபோகலாம். யுஆர்எஸ் என்ற விரைவு நடைமுறையில் முடக்கப்படலாம். அறிவிப்புப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சரக்கு வகை உங்களுடையதோடு உரசுகிறது என்றால் வழக்கறிஞரைக் கேட்காமல் தொடர வேண்டாம்.

முன்கூட்டியே கேட்டு வைத்தவர்களுக்கு இந்த அறிவிப்பு மின்னஞ்சலில் வரக்கூடும். ஓர் அறிவிப்பின் ஆயுள் 48 மணி நேரம்தான். குப்பைப் பெட்டியில் விழுந்து, நீங்கள் ஏற்காமல் விட்டால், உங்கள் இடம் அவ்வளவுதான்.

9. பெயர் கிடைத்த பிறகு

பதிவு முடிந்ததும் மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் செய்யாவிட்டால் பதிவாளர் டொமைனை நிறுத்திவைக்கலாம். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பெயர் மூன்றாம் வாரம் செத்துக்கிடப்பது இதனால்தான். புதிய டொமைனிலேயே அமைத்த முகவரியைத் தொடர்பு மின்னஞ்சலாகக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் கடிதமும் நின்றுவிடும்.

டாட் ஆப், டாட் டெவ் போன்ற சில பின்னொட்டுகளில், பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் தளம் உலாவியில் திறக்காது. வாங்கிய அன்றே பழைய தளத்துக்குத் திருப்பிவிடலாம் என்று நினைத்து, வெற்றுப் பிழைப்பக்கத்தைப் பார்த்து விழிக்க வேண்டாம். பதிந்த முதல் 60 நாளுக்கு வேறு பதிவாளருக்கு மாற்றவும் பொதுவாக இயலாது. ஆகவே மலிவான புதுப்பிப்புக்கு மாறிக்கொள்ளும் திட்டமிருந்தால் அந்த 60 நாளை ஆண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியில் இன்னும் இரண்டு தேதிகள் பாக்கி. ஒன்று டொமைன் காலாவதி. மற்றொன்று எஸ்எம்டி கோப்பின் மேல்வரிகளில் இருக்கும் முடிவு நாள். என்னுடையது வரும் மாதம் முடிகிறது. இந்த முறை ஐந்தாண்டுக்குக் கட்டி, சேர்த்து எழுதும் வடிவத்தையும் பட்டியலில் போட்டுவிட்டேன்.